கேமராவைப் பார்க்காத பறவைகள்

"ஒன்பது நாள் அந்தத் தீவுல கிடந்து எடுத்தது இதுதானா?"

ஆசிரியர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஒரே பாறை. பாறை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள்.

"இதெல்லாம் என்ன, சுண்ணாம்பா?"

"கடல் பறவைங்க சார். அடைகாக்குதுங்க" என்றாள் அவள். பத்திரிகையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. இந்தப் படம் அட்டையில் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் இந்த மாதத்தோடு சரி.

"மொத்தம் நாற்பத்தொண்ணு. எண்ணிப் பார்த்துட்டேன்" என்று மூலை நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது.

அவளுடைய அப்பா. மகளைப் படகுத்துறையிலிருந்து கூட்டிக்கொண்டு நேரே அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. வாசல் காவலாளி, வரவேற்பறைப் பெண், தண்ணீர் கேன் போட வந்தவர் என்று ஒருத்தரையும் விடவில்லை. போனை நீட்டி, "என் பொண்ணு எடுத்தது" என்று காட்டிக்கொண்டே இருந்தார்.

"பெரியவரே, கொஞ்சம் வெளியில உக்காருங்களேன்."

"உக்கார்றேன் சார். படம் எவ்வளவு அழகா வந்திருக்கு, பார்த்தீங்கல்ல?"

ஆசிரியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. உங்களைச் சொல்லிக் குத்தமில்ல."

அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இன்னும் பத்தடி முன்னால போனா என்ன? பறவை உன்னைக் கடிச்சுத் தின்னுடுமா?"

"போயிருக்கலாம் சார். வேணும்னுதான் போகல."

"கூடாரத்துல நல்லாத் தூங்கிட்டு வந்திருக்கேன்னு சொல்லு."

வெயிலில் அவள் கழுத்துத் தோல் உரிந்திருந்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"படம்னா எப்படி இருக்கணும்னு அங்க பாரு."

சுவரில் சட்டம் போட்ட பெரிய படம் ஒன்று இருந்தது. அதே இனத்துப் பறவை. இறக்கையை விரித்து, அலகைத் திறந்து, நேராக நம் முகத்தையே பார்த்தது. காலடியில் ஒரு முட்டை.

"இதே தீவுதான். இருபது வருஷத்துக்கு முன்னால எடுத்தது. பெரிய போட்டியில முதல் பரிசு. வேலைக்கு வர்ற எல்லாருக்கும் நான் இதைத்தான் காட்டுவேன். நம்மளைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இல்ல?"

அவள் சுவரைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

பெரியவர் எழுந்து அந்தப் படத்தின் அருகில் போனார். "சிரிக்கல சார், கத்துது. ஆள் கிட்ட வந்துட்டான்னு பயந்து எழுந்திருச்சிருக்கு. அதான் முட்டை வெளியில தெரியுது."

பிறகு லேப்டாப்பைக் காட்டினார். "இதுல பாருங்க. நாற்பத்தொண்ணும் காத்தடிக்கிற பக்கமே மூஞ்சியை வெச்சு உக்காந்திருக்கு. ஒண்ணுகூட கேமரா பக்கம் திரும்பல. ஒன்பது நாள் ஒருத்தி அங்க இருந்ததே அதுங்களுக்குத் தெரியாது. லேசுப்பட்ட வேலையா இது?"

ஆசிரியருக்கு எரிச்சல் தலைக்கேறியது. அவளிடம், "நாளைக்கே திரும்பிப் போ. எனக்குக் கிட்டத்துல எடுத்த படம் வேணும். இல்லேன்னா வேற வேலை பார்த்துக்கோ" என்றார்.

அவள் லேப்டாப்பை மூடினாள். "வேற வேலையே பார்த்துக்கறேன் சார்."

பெரியவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. மகளுக்கு வேலை போன நேரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற அப்பாவை ஆசிரியர் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார்.

"பெத்தவர் நீங்களாவது புத்தி சொல்ல வேணாமா? அந்தப் படத்தை எடுத்த மனுஷன் இப்படியெல்லாம் யோசிச்சிட்டிருந்தா பரிசு வாங்கியிருப்பாரா?"

"யோசிக்காமத்தான் சார் வாங்கினேன்" என்றார் பெரியவர். "நான் கேமராவைப் பையில வெக்கிறதுக்குள்ள அந்த முட்டையைக் கடற்காக்கா கொத்திட்டுப் போயிருச்சு. என் பொண்ணு நாற்பத்தொண்ணையும் அப்படியே விட்டுட்டு வந்திருக்கா."