ஏழாவது ஆள்

"தப்பான அட்டவணையை ஏழு பேர் இறக்கியிருக்காங்க மேடம். ஏழு பேரையும் உடனே பிடிச்சாகணும்" என்றான் அவன்.

நூலகர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது.

"பிடிங்க. என் முகத்தைப் பார்த்துக்கிட்டு நின்னா ஆச்சா?"

பெரிய மருத்துவமனை அது. மருந்து அளவுகள், சிகிச்சை முறைகள் எல்லாம் அங்கே மின் களஞ்சியத்தில்தான். டாக்டர்களும் நர்ஸுகளும் வேண்டியதைத் தங்கள் ஃபோனில் இறக்கிக்கொள்வார்கள். களஞ்சியம் நூலகரின் பொறுப்பு. அதன் மென்பொருளைக் கட்டி மேய்ப்பது அவன் வேலை. ஆஸ்பத்திரி முழுக்க அவனுக்கு 'சர்வர்' என்றே பெயர். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் அதைக் கேட்டுவிட்டு அவனிடம் இரண்டு காபி சொன்னதும் உண்டு.

அன்று காலை ஒன்பது மணிக்கு மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தான். இரண்டு மணி நேரம் ஒரு குறையுமில்லை. பிறகு குழந்தைகள் வார்டிலிருந்து சிஸ்டர் கூப்பிட்டார்.

"அண்ணா, காய்ச்சல் மருந்து அட்டவணையைப் பாருங்க. பத்து கிலோ குழந்தைக்கு இருபத்தஞ்சு மில்லின்னு போட்டிருக்கு. அவ்வளவு எவனாவது கொடுப்பானா?"

இரண்டரை மில்லி இருக்க வேண்டிய இடம். புள்ளி விட்டுப்போனதால் இரண்டு வருடத்துக்கு முன்பே விலக்கி வைத்த அட்டவணை, பதிப்பு மாறும்போது எப்படியோ மேலே வந்து உட்கார்ந்துவிட்டது.

அவன் உடனே அதைத் தூக்கிவிட்டுச் சரியானதைப் போட்டான். ஆனால் அதற்குள் இறக்கியவர்கள்? பயன்பாட்டுக் கணக்கைத் திறந்தான். அந்தக் கோப்புக்கு நேரே ஏழு.

"சிஸ்டர் ஒருத்தர். அவங்க போக ஆறு. அஞ்சு பேருக்குப் பேர் இருக்கு. ஏழாவது வரியில மட்டும் பேர் வரலை மேடம். பதிவுகளைத் தோண்டித்தான் எடுக்கணும்."

"முதல்ல அஞ்சு பேர்."

ஆளுக்கொரு ஃபோனை எடுத்தார்கள். அவசரப் பிரிவு டாக்டர், "இன்னும் யாருக்கும் எழுதலை" என்றார். அடுத்தவர் விடுப்பில் வீட்டில் இருந்தார். மூன்றாவது, நான்காவது ஆட்களும் கிடைத்தார்கள். கோப்பைத் திறக்கவே இல்லையாம். ஐந்தாவது டாக்டரின் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. ஆறாவது தடவை எடுத்தார்.

"ஐயோ... இப்பதான் ஒரு அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தேன். மருந்து வாங்கப் போயிருக்காங்க!"

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினான். மாடிப்படிகளை மும்மூன்றாகத் தாண்டினான். அவன் மகளும் பத்து கிலோதான். போன வாரம்தான் எடை பார்த்திருந்தார்கள். மருந்துக் கவுன்ட்டரில் நீண்ட வரிசை. தோளில் தூங்கும் குழந்தையோடு நின்ற பெண்ணுக்கு முன்னால் இன்னும் இரண்டே பேர்.

சீட்டை வாங்கிக்கொண்டு, "இதை டாக்டர் மாத்தித் தருவார்மா, வாங்க" என்று அவரை அழைத்துப் போனான். அந்தப் பெண் முறைத்துக்கொண்டேதான் வந்தார்.

அவன் திரும்பி வந்தபோது நூலகர் அறையில் தலைமை மருத்துவர் நின்றிருந்தார்.

"இவரோட அலட்சியம் சார்" என்று விரலை நீட்டினார் நூலகர். "பதிப்பை மாத்தினா போதுமா? திறந்து பார்க்க வேண்டாமா? கண்ணு எதுக்கு இருக்கு? இந்த மாதிரி ஆளை வச்சுக்கிட்டு நான் எப்படி நிம்மதியா இருக்கிறது?"

அவன் கணினி முன் உட்கார்ந்து பதிவுகளைத் தோண்டத் தொடங்கினான். வியர்வை விசைப்பலகையில் சொட்டியது. தலைமை மருத்துவர் அவன் பின்னால் வந்து நின்றார்.

"ஏழாவது ஆள் யாருன்னு தெரியாத வரைக்கும் எல்லா வார்டுலயும் அந்த மருந்தை நிறுத்தச் சொல்லியிருக்கேன். சீக்கிரம் பாருங்க."

ஒரு இடத்தில் அவன் விரல்கள் அப்படியே நின்றன. சட்டென்று திரையைச் சுருக்கினான்.

"கிடைச்சுட்டாங்க சார். அவங்க மூலமா எந்தக் குழந்தைக்கும் மருந்து போகலை. இனி பயமில்லை."

"நிச்சயமா?"

"என் குழந்தை மேல சத்தியமா."

"யார் அது?"

"நோயாளிகளைப் பார்க்கிறவங்க இல்லை சார். சும்மா திறந்திருக்காங்க. தப்பு என் பக்கம்தான். என்ன நடவடிக்கைன்னாலும் ஏத்துக்கறேன்."

தலைமை மருத்துவர் அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "நாளைக்குக் காலையில எழுத்துல விளக்கம் கொடுங்க" என்று சொல்லிவிட்டு, வார்டுகளுக்கு ஃபோன் செய்துகொண்டே வெளியேறினார்.

நூலகர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"யாரைக் காப்பாத்துறீங்க? அவர்கிட்ட மழுப்பின மாதிரி என்கிட்ட மழுப்ப முடியாது. களஞ்சியத்துக்குப் பொறுப்பு நான். இப்பவே பேர் தெரிஞ்சாகணும்."

"விட்டுடுங்க மேடம். அதான் ஒண்ணும் ஆகலையே."

"பேரைச் சொல்றீங்களா, இல்ல நானே அவரைத் திரும்பக் கூப்பிடட்டுமா?"

அவன் பெருமூச்சு விட்டான். மெல்லத் திரையை அவர் பக்கம் திருப்பினான்.

காலை ஒன்பது பன்னிரண்டிலிருந்து ஒன்பது பதினாறுக்குள், பேர் காட்டாத நிர்வாகிக் கணக்கிலிருந்து நாற்பத்தொரு கோப்புகள் வரிசையாக இறக்கித் திறக்கப்பட்டிருந்தன. காய்ச்சல் மருந்து அட்டவணைக்கு நேரே குறிப்பு ஒன்று இருந்தது: "திறந்து படித்துச் சரிபார்த்தேன். பிழை ஏதுமில்லை. - நூலகர்."