வாய் திறக்காதவள்

ராஜாத்திக்கு இது ஆறாம் மாதம். முதல் இரண்டும் ஐந்தைத் தாண்டவில்லை.

அதனால் நர்ஸ் சுகிர்தம் நெட்டுக்குப்பத்துக்கு வந்தால் முதலில் நுழைவது இந்த வீட்டில்தான். ராஜாத்தி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, புருஷன் வேலப்பனின் புது வலைக்கு அடிக்கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் கயிறு, மறு கையில் நைலான் நூல்.

சுகிர்தம் பையிலிருந்து படத்தை எடுத்து விரித்து விளக்கினாள்.

கருப்பைச் சுவரில் அடை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது நஞ்சுக்கொடி. தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் கலப்பதில்லை. நடுவில் மெல்லிய சவ்வு ஒன்றுதான். தின்ற சோற்றின் சத்து, இழுத்த மூச்சின் காற்று எல்லாம் அதைத் தாண்டித் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது.

ராஜாத்தி படத்தை ஆசையாகப் பார்த்தாள்.

"நல்லது எது, கெட்டது எதுன்னு அந்தச் சவ்வுக்குத் தெரியாதும்மா. திருவொத்தியூர்ல பழைய பேட்டரிய ஒடச்சி ஈயம் உருக்கிக்கினு கீறாங்களே, அந்தப் பக்கமே போவாத. அந்த ஈயம் உன் ரத்தத்துல ஏறுச்சின்னா நேரா புள்ளைக்குத்தான் போவும்."

ராஜாத்தி வேகமாகத் தலையாட்டினாள்.

அவளா போவாள்? ஆலைக்கழிவு கலக்கும் முகத்துவாரத்து மீனைத் தொட்டு ஆறு மாதமாகிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறாள். பப்பாளி என்ற பேச்சே கிடையாது. இதையும் பறிகொடுத்தால் அவளால் தாங்க முடியாது.

பதில் வராததால் சுகிர்தம் சிரித்தாள்.

"இன்னாம்மா, வாயில கொழுக்கட்டையா கீது?"

ராஜாத்தி உதட்டை மூடியபடியே சிரித்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்து, மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள் சுகிர்தம்.

ராஜாத்தி நூலை இழுத்துப் பிடித்தாள். இரண்டு கையும் வேலையாக இருக்கிறதே, வேறு எங்கே வைப்பாள்? வலை அமிழ்வதற்காகக் கோக்கும், கன்னத்தில் ஒதுக்கியிருந்த ஈயக்குண்டுகளில் ஒன்றை நாக்கால் முன்னுக்குத் தள்ளி, கயிற்றைக் கவ்வவைத்து, பல்லால் கடித்து இறுக்கினாள். கல்யாணமாகி வந்த நாலு வருஷமாக இப்படித்தான்.

குண்டுகளைத் திருவொற்றியூரிலிருந்து வேலப்பன்தான் வாங்கி வருவான். அவளை அந்தப் பக்கம் அனுப்பியதே இல்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி என்று இந்தத் தடவை நன்றாகக் கழுவி வேறு கொடுத்திருந்தான்.

லேசாகத் தித்தித்தது. எச்சிலை விழுங்கிவிட்டு அடுத்ததை முன்னுக்குத் தள்ளினாள்.

உள்ளே பிள்ளை புரண்டு படுத்தது.