மூன்று மைக்ரோகேல்

"பத்தால வகுக்கத் தெரியாதாம்மா உனக்கு?"

சந்திரசேகரன் காகிதத்தை மேஜைமேல் போட்டார். ஷர்மிளாவுக்குக் காது சூடாகிவிட்டது. எம்.எஸ்ஸி. ஜியோபிசிக்ஸ் முடித்தவளிடம் கேட்கிற கேள்வியா இது?

"முப்பது நானோமீட்டர் சார். பத்தால வகுத்தா மூணு மைக்ரோகேல். சரியாத்தானுங்க போட்டிருக்கேன்."

"நம்ம மெஷின் ஒண்ணுக்கு மேல ஆடாது. எங்கேயோ புள்ளியை விட்டிருக்கே, போய்ப் பாரு. நாளைக்குப் பதினோரு மணிக்கு கஸ்டமர் வர்றார்."

மல்லாபூரில் இருக்கும் அந்தச் சின்னக் கம்பெனி, பூமியின் இழுவிசையை அளக்கும் கருவிகளைச் சோதித்துத் தருகிறது. பூமி நம்மை இழுக்கிற இழுப்பில் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகேல். இந்தப் பொடி எண்களோடு ஷர்மிளா ஆறு மாதமாக மல்லுக்கட்டுகிறாள். அவள் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம், முதலாளியின் இழுப்பறையில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.

அவரோ லேசில் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழர், மகா கறார். யாராவது கை கழுவப் போனால்கூட, "தண்ணி சும்மாவா வருது?" என்று அறைக்குள்ளிருந்தே குரல் கொடுப்பார்.

ஷர்மிளா மூன்று தடவை கணக்குப் போட்டாள். மூன்று தடவையும் மூன்றுதான். அப்புறம்தான் நேரத்தைக் கவனித்தாள். தினமும் காலை ஆறு மணிக்கு எண் ஏறத் தொடங்குகிறது. ஏழுக்கு உச்சம். ஒன்பதுக்குள் பழையபடி இறங்கிவிடுகிறது.

மறுநாள் விடிவதற்குள் அமீர்பேட் ஹாஸ்டலிலிருந்து ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள்.

மெஷின் அறைக்கு நேர்மேலே, மொட்டைமாடியில் பெரிய தண்ணீர் டேங்க். அதிலிருந்து ஒரு குழாய் காம்பவுண்டு சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருந்தது. அங்கே குடமும் டிரம்முமாக ஒரு கூட்டம். குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவர் வாட்ச்மேன் அப்துல் ரஹீம்.

"ரஹீம் பாய், என்ன இது?"

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "லைன் வீட்டு ஜனங்க மேடம். ஃபேக்டரில கூலி வேலை பாக்கறவங்க. தண்ணி லாரி வந்து பத்து நாளாச்சு. ஆபீஸ்ல யாருக்கும் தெரியக் கூடாது மேடம். தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"தினம் எவ்வளவு குடுக்கறீங்க?"

"நாலாயிரம் லிட்டர் இருக்கும். அப்புறம் மோட்டார் போட்டு ஒன்பதுக்குள்ள டேங்கை நிரப்பிடுவேன்."

ஷர்மிளாவின் மூளை தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. மெஷினைக் கொஞ்சம் மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருந்த நாலு டன் தண்ணீர் காலியானால், கீழ்நோக்கிய இழுப்பு கூடும். எவ்வளவு? மூன்று மைக்ரோகேல். அச்சு அசலாக.

துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. அடுத்த நிமிடமே இன்னொரு கணக்கு வந்தது. காரணத்தைச் சொன்னால் ரஹீம் பாய்க்கு வேலை போகும், அந்த ஜனங்களுக்குத் தண்ணீர் போகும். சொல்லாவிட்டால் தன் கடிதம் போகும்.

பத்து மணிக்கு முதலாளியின் அறைக்குள் போனாள்.

"என் தப்புதாங்க சார். புள்ளியை விட்டுட்டேன். மூணு இல்ல, பாயிண்ட் மூணு."

சந்திரசேகரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிராஃபைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆறு மணிக்கு ஏறுது. ஏழுக்கு உச்சி," என்று முணுமுணுத்தவர், தலையைத் தூக்கி மேல்கூரையைப் பார்த்தார். "மேல டேங்க் இருக்கில்ல?"

ஷர்மிளா மேஜைப் பக்கம் நகர்ந்தாள். "சார், ரஹீம் பாயை ஒண்ணும் சொல்லிடாதீங்க. என் லெட்டர்ல கையெழுத்துப் போடாட்டியும் பரவாயில்லைங்க."

அவர் பேனாவை எடுத்தார். பாயிண்ட் மூணை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினார். பக்கத்திலேயே, 'மேலே உள்ள தண்ணீர் டேங்க் காலியாவதால்' என்று காரணமும் எழுதினார்.

"சரியான கணக்கைத் தப்புன்னு சொல்ற வேலையெல்லாம் நக்கோம்மா, வேணாம். இந்த ஆபீஸ்ல அது நடக்காது."

இழுப்பறையைத் திறந்து அவள் கடிதத்தை எடுத்தார். கிழிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தாள். கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் நகர்த்திவிட்டு, ஃபோனை எடுத்தார்.

"ரஹீம் பாய், நாளையிலேர்ந்து பின்பக்க டேங்க்லேர்ந்து குடுங்க. நாம ரகசியமா தண்ணி குடுக்கறது இந்த மெஷினுக்குத் தெரிஞ்சுபோச்சு."