காற்றுக்காக வைத்தது

அவன் குனிந்து பார்த்தான்.

மறுபக்கம் தெரியவில்லை.

எந்த லாரியிலும் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். குனிந்தால் எதிர்ப்பக்கத்து வெளிச்சம் தெரியும். இந்தப் புது வண்டியில் அந்த இடத்தை நீளமான வெள்ளைப் பலகை போட்டு மூடியிருந்தார்கள். தரைக்கு ஒரு சாண் மேலே வரை இறங்கியிருந்தது.

காற்று அடியில் புகுந்து வண்டியைப் பின்னுக்கு இழுக்காமல் இருக்கத்தான் அது என்று மிருதுளா சொல்லியிருந்தாள். வண்டியைச் செய்த கம்பெனியின் இன்ஜினியர். ஓட்டப்போகிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுப்போக சங்ககிரிக்கு வந்திருந்தாள்.

டிரைவர்கள் ஷெட்டில் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

மூக்கு மழுங்கிப்போய்க் கெளுத்தி மீன் மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். பக்கக் கண்ணாடிக்குப் பதில் கேமரா. சேறு அடித்தால் என்ன செய்வது என்றார் இன்னொருவர். கேபினுக்குள் சத்தமே இல்லை, தூக்கம் வந்துவிடும். எலுமிச்சம்பழம் கட்ட முன்னால் ஒரு கம்பிகூட இல்லை.

டீசல் மிச்சமாகும் என்பதை மட்டும் யாரும் மறுக்கவில்லை.

பக்கப் பலகைதான் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. டயரைத் தட்டிப் பார்க்க முடியாது. ஸ்டவ்வும் தண்ணீர்க் கேனும் வைக்கிற பெட்டிக்கு இடம் இல்லை. வண்டி கைக்கு வந்த மறுநாளே கழற்றிவிடுவோம் என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

அவனும் அங்கே டிரைவர்தான். மறுபடி குனிந்து பார்த்தான்.

அவன் மனைவி கலாமணி அந்த இடைவெளியில்தான் போனாள்.

பவானி ரோட்டில். பட்டப்பகலில். ஓரத்தில் சிந்திக் கிடந்த மணலில் மொபெட் சறுக்கியது. பக்கத்தில் போய்க்கொண்டிருந்த லாரியின் நடுவே விழுந்தாள்.

பின் சக்கரம் வந்துகொண்டிருந்தது.

அவன் அப்போது நாக்பூரில் லோடு இறக்கிக்கொண்டிருந்தான்.

அந்த லாரி இதே ஷெட்டு வண்டி. ஓட்டியவர் நாச்சிமுத்து. மெதுவாகத்தான் வந்தார், அவர் மேல் தப்பில்லை என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவனும் நம்பினான். பக்கவாட்டில் தடுப்புக்கு இருக்கவேண்டிய கம்பிகளை, டயர் மாற்ற இடைஞ்சல் என்று எப்போதோ எடுத்துவிட்டிருந்தார்கள்.

அவன் வண்டியிலும் கம்பி கிடையாது. கழற்றியவன் அவனே.

காரியத்தன்று நாச்சிமுத்து வாசல் வரை வந்து நின்றார். அவன் உள்ளே கூப்பிடவில்லை. அதற்குப் பிறகும் ஒரே ஷெட்டில்தான் இருவருக்கும் வேலை. பேச்சு மட்டும் இல்லை.

கலாமணி வந்துகொண்டுதான் இருந்தாள்.

இடது கண்ணாடியில் ஒரு மொபெட் தெரியும். நெருங்கும். கண்ணாடியின் விளிம்பில் மறையும். வேறு யாராவது என்றால் சற்றைக்கெல்லாம் முன்னால் வந்துவிடுவார்கள்.

அவள் வரமாட்டாள்.

அவன் வண்டியை ஓரங்கட்டுவான். இறங்கி, குனிந்து பார்ப்பான். அடியில் தார் ரோடு மட்டும் இருக்கும். கூட வந்த டிரைவர்கள் ஒவ்வொருவராக வேறு வண்டி கேட்டு மாறிக்கொண்டார்கள்.

புது வண்டியை ஓட்டிப் பார்க்க அவன் முறை வந்தது. மிருதுளா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பைபாஸில் ஏறினார்கள். காற்றின் இரைச்சல் இல்லை. அவன் மூச்சு அவனுக்கே கேட்டது.

கேமராத் திரையில் மொபெட் வந்தது.

முன்னால் துணிப்பை. முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள்.

மிருதுளாவும் திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

மொபெட் வண்டியின் நடுப்பகுதிக்கு வந்தது. பலகையை ஒட்டி வந்தது. உள்ளே போக வழி இல்லை. ஒட்டியபடியே நகர்ந்து, கேபினைத் தாண்டி, முன்னால் போனது.

அவன் நிமிர்ந்து முன்கண்ணாடி வழியே பார்த்தான். ரோடு காலியாக இருந்தது.

முதல் தடவையாக அவன் வண்டியை நிறுத்தவில்லை.

ஷெட்டுக்குத் திரும்பியதும் மிருதுளா எல்லாரையும் கூட்டி நிறுத்தினாள். பலகை வேண்டாம் என்றே கம்பெனியில் சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள். ஆமாம் என்றார்கள்.

"இருக்கட்டுமுங்க" என்றான் அவன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"ஒரு மொபெட்டு வந்து சாஞ்சா இது தாங்குமுங்களா?"

மிருதுளா பலகையைப் பார்த்தாள். பிறகு, இது காற்றுக்காக வைத்தது, வெறும் பிளாஸ்டிக், ஆள் விழுந்தால் உடைந்துவிடும் என்றாள். அதை மெதுவாகச் சொன்னாள்.

அவன் தலையாட்டினான். தலையாட்டிக்கொண்டே இருந்தான்.

கூட்டத்தின் பின்னாலிருந்து நாச்சிமுத்து வந்தார். உள்ளங்கையைப் பலகையின் மேல் வைத்து அழுத்தினார். அது உள்வாங்கியது.

"இரும்புல போடுங்கம்மா."

எடை கூடிவிடும், மிச்சமாகிற டீசல் அதிலேயே போய்விடும் என்றாள் அவள்.

"போகட்டும்."

கையை எடுக்கவில்லை அவர்.

டயரைத் தட்டிப் பார்க்க முடியாது என்று சொன்னவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவன் நாச்சிமுத்துவின் பக்கத்தில் போய் நின்றான். இத்தனை வருடமாக ஒருவரிடமும் கேட்காததை அவரிடம் கேட்டான்.

"அவ விழுந்தது எந்த எடத்துலீங்கண்ணா?"

நாச்சிமுத்து அவனைப் பார்த்தார். பிறகு நடந்துபோய், பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் குனிந்தார். பலகையில் ஓர் இடத்தைத் தொட்டார்.

மிருதுளா பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல் அதை நீட்டியபடி நின்றாள்.

ஒரு முனையை அவன் வாங்கிக்கொண்டான். மறுமுனையை நாச்சிமுத்து பிடித்தார்.