பெயர் போடாத பக்கம்

2043 மார்ச், திருப்பூர். எழுத்தின் நடையை வைத்தே எழுதியவர் யாரென்று சொல்லும் வசதி எல்லோருடைய கைபேசிக்கும் வந்துவிட்டது.

ஆண்களை நேசிக்கும் ஆண்கள் எழுதிய தொகுப்பு ஒன்றை அங்குள்ள நலமையம் ஆண்டுதோறும் பெயர் போடாமல் வெளியிட்டது. அதைப் படித்தவர்கள் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருவார்கள். எழுதியவர்கள் அகப்படாமலிருக்க, தொகுப்பாசிரியர் தண்டபாணி போன ஆண்டு எல்லாவற்றையும் இயந்திரத்தில் கொடுத்து ஒரே நடைக்கு மாற்றினார். அதைப் படித்துவிட்டு ஒருவரும் வரவில்லை.

இந்த ஆண்டு, மாற்றப்பட்ட தன் கட்டுரையைப் படித்துவிட்டு பனியன் கம்பெனி டெய்லர் யோகேஷ் சிரித்தான்.

"ஊசி குத்தறப்ப நான் நடுங்குனேன், கூட வந்தவன் முறுக்குத் தின்னுட்டு நின்னான்னு எழுதுனேன். 'துணைவர் ஆதரவளித்தார்'ங்குது உங்க மெஷினு. இதப் படிச்சுட்டு எவனுங்ணா வருவான்?"

"உன்ற நடையிலயே போட்டா ஊரே கண்டுபிடிச்சுரும் சாமி. ஊட்ல தெரியுமா?"

"தெரியாதுங்ணா. இருந்தாலும் நான் எழுதுன மாதிரியே போடுங்க."

தண்டபாணி இரண்டு நாள் யோசித்தார். பிறகு அதை மட்டும் மாற்றாமல் அச்சுக்கு அனுப்பினார்.

புத்தகம் வந்த வாரமே நலமையத்தின் வாசலில் வரிசை நின்றது. வரிசையில் இருந்த ஒருவன் தண்டபாணியிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினான்.

"முறுக்குக் கதை எழுதுனது எங்க தெரு யோகேஷுங்க. போன்லயே காட்டிருச்சு. நல்லா எழுதியிருக்கறாரு."

தண்டபாணி உடனே யோகேஷை அழைத்தார். அவனுடைய அண்ணன் எடுத்தான்.

"அவன் இங்க இல்ல. இனிக் கூப்புடாதீங்க."

மறுநாள் அந்த எண் உபயோகத்தில் இல்லை.