ஜம்புவின் லைன்

ஜம்புவுக்குக் கால் ஒடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் அவன் லைனில் மாரீஸ்வரன் இட்லி விற்க இறங்கிவிட்டான்.

மும்பை மாட்டுங்காவில் தன் வீட்டு மாடி ஜன்னல் வழியாக இதைப் பார்த்த பேராசிரியர் பிரம்மநாயகம், சந்தோஷத்தில் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

தாராவி இட்லிக்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. ஆளுக்குச் சில கட்டிடங்கள், அதுதான் லைன். ஒருத்தர் லைனில் இன்னொருத்தர் சைக்கிள் ஹாரன் அடித்து விற்கக் கூடாது. ஜம்பு குடும்பத்துக்கு இந்த ஆறு கட்டிடங்கள்தான் சோறு.

முந்தாநாள்தான் பேராசிரியர் மாரீஸ்வரனுக்கு ஓதியிருந்தார். "போட்டிக்காரன் படுத்திருக்கிற நேரம்தாம்ப்பா நம்ம நேரம். அவன் எழுந்து வர மூணு மாசம் ஆகும். புடிச்சுடு!"

வணிக உத்தி சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவர் அவர். நாலு புத்தகம். 'அசந்த நேரக் கோட்பாடு' அவருடையதுதான். உலகம் முழுக்கப் பேராசிரியர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். அவர்களை இவர் மேற்கோள் காட்டினார். அதைக் கேட்டு எந்தக் கடைக்காரரும் ஷட்டரை அரை அடி உயர்த்தியதாகத் தகவல் இல்லை.

"அந்தக் கோட்பாட்டை வச்சு ஒரு கிலோ வெங்காயம் பேரம் பேசி வாங்கிட்டு வாங்க, பார்ப்போம்" என்பாள் மனைவி கோமதியம்மாள். அவர் பையை எடுத்துக்கொண்டு போவார். சொன்ன விலைக்கு வாங்கி வருவார்.

இப்போது பழைய மாணவி ஜோயா அவருக்குப் பாராட்டு மலர் தயாரிக்கிறாள். அவரால் நிஜமாகவே பலன் அடைந்த ஒரு ஆள் வேண்டும் என்று மாதக்கணக்கில் கேட்கிறாள்.

உடனே போன் போட்டார். "வாம்மா, ஆள் கிடைச்சாச்சு!"

மறுநாள் காலை கட்டிட வாசலில் இருவரும் மாரீஸ்வரனை மடக்கினார்கள். சைக்கிளில் இரண்டு பாத்திரங்கள்.

"பார்த்தியா? முன்னே ஒண்ணு, இப்ப ரெண்டு. வியாபார விரிவாக்கம்!" என்றார் பேராசிரியர்.

ஜோயா போனில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டாள். "அண்ணே, சார் சொல்லித்தானே இந்த லைனைப் புடிச்சீங்க?"

"அரே, யாரு லைன யாரு புடிக்க?" பதறிவிட்டான் மாரீஸ்வரன். "இது ஜம்பு வீட்டுப் பாத்திரம்மா. அவன் பொஞ்சாதி முத்துமாரி அவிச்சுத் தாரா. இந்த ஆறு கட்டிடத்துல அவ இட்லியத்தான் விக்கேன். என் பாத்திரத்த இங்க தொறக்கவே மாட்டேன்."

"அப்புறம் ஏம்ப்பா நான் சொன்னப்ப தலையைத் தலையை ஆட்டினே?"

"பெரிய மனுசன் சொல்லுதீய. மூஞ்சில அடிச்ச மாதிரி எப்பிடி சார் பேச?"

பேராசிரியர் விடவில்லை. "சரி, மூணு மாசம் கழிச்சு?"

"கழிச்சு என்ன? அவன் காலூனி நடந்துட்டாம்னா அவன் லைன் அவனுக்கு. படுத்துக் கெடக்கவன் எடத்துல போயி உக்காந்துக்கிட்டா நமக்குச் சோறு எறங்குமா சார்?"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

பேராசிரியருக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வெட்கம் வந்தது. அது போகவே இல்லை.

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஜோயா பேச்சை மாற்றினாள். "இதை விட்டுருவோம் சார். நீங்க இந்தத் துறைக்கு எப்படி வந்தீங்க? அதைச் சொல்லுங்க."

வழக்கமாக அவர் 'கடும் உழைப்பு' என்று ஆரம்பிப்பார். இன்றைக்கு அது வாயில் வரவில்லை.

"கலீலுல்லான்னு ஒரு சீனியர். இந்தப் பாடத்தைக் கொண்டுவந்ததே அவர்தான். மஞ்சள் காமாலையில படுத்துட்டார். ரெண்டு மாசம் மட்டும் அவர் கிளாஸைப் பார்த்துக்கச் சொன்னாங்க."

"பார்த்துக்கிட்டீங்களா சார்?"

"முப்பத்தெட்டு வருஷம் பார்த்துக்கிட்டேன்மா."