எண்ணக்கருவும் முட்டுக்கட்டையும்

அலுவிகாரை மிளகுச் செய்கையாளர் சங்கக் கட்டடத்தின் தகரக் கூரை மத்தியான வெயிலுக்குச் சடக் சடக்கென்று சத்தம் போடுகிறது. விவசாயக் கந்தோரிலிருந்து வகுப்பெடுக்க வந்திருக்கும் தியாகராஜா கரும்பலகையில் ‘எண்ணக்கரு’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுக்கிறார். “ஒரு புது யோசினையை மனதிலை உருவாக்கினால் அதுக்கு இதுதான் பேர். உங்களிலை ஒருத்தருக்கும் அந்தப் பழக்கம் இல்லை” என்கிறார். பெண்கள் வாங்கில் உட்கார்ந்திருக்கும் ஸரீனா முக்காட்டை இழுத்துவிட்டு அவருடைய சப்பாத்தைப் பார்க்கிறாள். அவள் வீட்டு முற்றத்துச் செம்மண் அதில் இன்னும் ஒட்டியிருக்கிறது. போன கிழமை அவள் ஊற்றிக்கொடுத்த பிளேன்டீயை உறிஞ்சிக்கொண்டே, அவள் மிளகு காயவைக்கும் தட்டைக் கொப்பியில் படமாகக் கீறிக்கொண்டு போன மனுஷன் இவர்தான். தட்டு முற்றத்துச் சரிவில் நிற்கும். அடியில் பழைய பிள்ளை வண்டிச் சக்கரங்கள். மழை இருட்டினால் அவள் சக்கரத்தைத் தடுத்து நிற்கும் முட்டுக்கட்டையை உருவுவாள், தட்டு தானாக உருண்டு தாழ்வாரத்துக்குள் வந்துவிடும். அதே தட்டு இப்போது பலகையில் வெண்கட்டித் தூள் உதிர உதிர எழும்புகிறது. “இது என்ரை எண்ணக்கரு” என்று சொல்லி மூலையில் கையெழுத்தும் வைக்கிறார். சட்டைப்பையில் மூன்று பேனை, மண்டை மட்டும் இரவல். ஸரீனாவின் உதடு கோணுகிறது. “விளங்குதோ?” என்று அவர் கேட்கிறார். அவள் எழும்பவில்லை. “நல்லா விளங்குது ஐயா. எங்க வீட்டுல பார்த்துக் கீறினீங்களே, அதுல முட்டுக்கட்டையை விட்டுட்டீங்க. அது இல்லாட்டி தட்டு வெளியில நிக்கவே நிக்காது. உங்க மொளகு வெயிலைக் காணாமலே பூஞ்சணம் பிடிச்சுப் போயிடும்.”